வீட்டுக்கல்வியில் இருக்கும்போதே கல்லூரிக் கிரெடிட்: எங்கள் அனுபவங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஒரு தாய்:

என் மகள் எட்டாம் வகுப்பிலிருந்து வீட்டிலேயே படித்தாள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சமுதாயக் கல்லூரியில் (உள்ளூர் மக்களுக்கான அரசு இரண்டாண்டுக் கல்லூரி) கல்விக் கட்டணமின்றிப் படிக்க 1990இல் இம்மாநிலம் கொண்டுவந்த ‘ரன்னிங் ஸ்டார்ட்’ திட்டம் வீட்டுக்கல்வி மாணவர்களுக்கும் உண்டு என்பதால், ஆண்டுதோறும் பள்ளி மாவட்டத்திடம் தரும் வீட்டுக்கல்வி அறிவிப்போடு அதற்குரிய படிவத்திலும் கையெழுத்து வாங்கி அவளைச் சேர்த்தோம். பாடப்புத்தகங்களும் இதர கட்டணங்களும் நம் பொறுப்பு. அதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கிரெடிட் (பட்டம் பெறக் கணக்கிடப்படும் பாட அலகு) கொண்ட ஒரு கல்லூரிப் பாடம் பள்ளிச் சான்றில் ஓராண்டுப் பாடமாக எழுதப்படும் என்பதை நாங்கள் ஒரு சலுகையாக மட்டுமே பார்த்தோம். பள்ளியில் ஓராண்டு பரவியிருக்கும் பாடம் இங்கே ஏறத்தாழ பதினொரு வாரங்களில் முடிந்துவிடும் என்பதே அதன் மறுபக்கம் என்று வேதியியல் வகுப்பின் மூன்றாவது வாரத்தில்தான் உணர்ந்தோம். அவள் தடுமாறுவதைக் கண்டு பேராசிரியருக்கு நான் மின்னஞ்சல் எழுதினேன். மாணவியின் மதிப்பெண்களை அவளிடம் மட்டுமே பேச இயலும் என்று பணிவான பதில் வந்தது. உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால், பதினாறு வயதானாலும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடும் என்பது கூட்டரசின் ஃபெர்பா சட்டம். அதுவரை அவளுக்கு ஆசிரியரும் தேர்வாளரும் நானே. அன்று முதல் அந்த இடம் எனக்கில்லை. அவள் தனியாகவே பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்குப் போனாள்; முதல் இரண்டு முறை கேள்வியே கேட்காமல் திரும்பினாள், மூன்றாம் முறை கேட்டாள். அந்தப் பாடத்தில் கிடைத்த ‘சி’ அவளது கல்லூரிப் பதிவில் நிலையாக இருக்கிறது. முதல் காலாண்டிலேயே மூன்று பாடங்கள் எடுக்க விட்டது என் தவறு. ஒன்றே போதுமாக இருந்தது.

டெக்சாஸிலிருந்து ஒரு தந்தை:

நாங்கள் கிளெப் தேர்வு வழியாகச் சென்றோம். வகுப்புக்குப் போகாமல், தெரிந்ததைத் தேர்வில் காட்டிக் கிரெடிட் பெறும் முறை இது. 20 முதல் 80 வரையிலான அளவில் 50 பெற்றால் கிரெடிட் தரலாம் என்பது பொதுப் பரிந்துரை. மாடர்ன் ஸ்டேட்ஸ் தளத்தின் இலவசப் பாடத்தை முடித்துத் தேர்வுக் கட்டணத்தை ஈடுசெய்யும் சீட்டையும் பெற்றதால் எங்களுக்குச் செலவு மிகக் குறைவு. அமெரிக்க வரலாறு உட்பட நான்கு தேர்வுகளில் என் மகன் தேறினான். பிறகு அவன் விரும்பிச் சேர்ந்த வெளிமாநிலத் தனியார் கல்லூரி அவற்றில் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. கல்லூரியின் மீது குறை சொல்ல இயலாது. விதி அவர்களுடைய இணையப் பக்கத்தில் இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. கிரெடிட்டை ஏற்பதா மறுப்பதா என்பது சேரும் கல்லூரியின் முடிவு. ஆகவே முதலில் நான்கைந்து கல்லூரிகளின் ஏற்புப் பட்டியலைப் படித்துவிட்டே தேர்வைத் தேர்ந்தெடுங்கள்.

ஒஹாயோவில் வீட்டுக்கல்வி முடித்த மாணவி:

பள்ளிப் பருவத்திலேயே கல்லூரிப் பாடங்களைப் படிக்க உதவும் ஒஹாயோவின் ‘காலேஜ் கிரெடிட் பிளஸ்’ திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினேன். வீட்டுக்கல்வி மாணவர்கள் அரசு நிதிக்கு ஆண்டுதோறும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கெடு தேதியை அம்மா சுவரில் எழுதி வைத்திருந்தார். இயந்திரப் பொறியியலில் சேர்ந்தபோது என்னிடம் 48 கிரெடிட் இருந்தும், படிப்பு அரை ஆண்டு மட்டுமே குறைகிறது. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை எடுக்கலாம் என்று பாடங்கள் சங்கிலியாக இருப்பதும், என் கிரெடிட்டுகளில் பெரும்பாலானவை வரலாறு, ஆங்கிலம், உளவியல் என்பதும் காரணம். ஆனால் பொதுப் பாடங்கள் முன்பே முடிந்ததால், இரண்டாம் ஆண்டிலேயே வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் ஆய்வகத்தில் வேலை செய்ய எனக்கு நேரம் கிடைத்தது.