பெங்களூரு, கோலார் தமிழ்க் கல்வெட்டுகளில் ஆய்வு: எதில் தொடங்குவது?

அல்சூர்_மாணவி:
எம்.ஏ. வரலாறு முடிக்கப் போகிறேன். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை வைத்து பிஎச்.டி. பண்ண ஆசை. கோயில் நடை (மக்களைக் கோயிலுக்கு நடந்தே அழைத்துப்போய்க் காட்டுவது) நடத்தி அவர்களுக்கும் சொல்ல வேண்டும். தமிழ் மட்டும் போதுமா?

யாண்டு_ஆவது:
போதாதுங்க. கன்னடமும், சமஸ்கிருதச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும் கட்டாயம் வேண்டும். பி.எல். ரைஸ் தொகுத்த 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற கர்நாடகக் கல்வெட்டுத் தொகுப்பில் 9ஆம் தொகுதி பெங்களூரு, 10ஆம் தொகுதி கோலார். அச்சுப் பாடத்தைக் கல்லோடு ஒப்பிட்டே படியுங்கள். கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம் என்பதால் 'நாடு' என்பதை 'நரடு' என்று படித்துவிட்டு அகராதியில் தேடுவார்கள்.

அடுத்த சிக்கல் காலக்கணக்கு. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். 'கோப்பரகேசரி' (பரகேசரி அரசர்) என்று மட்டும் இருந்தால் அரசர் யாரென்று முடிவு கட்டாதீர்கள், மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசர் புகழ்ப்பாட்டைப் பாருங்கள். 'திருமகள் போல' என்றால் முதலாம் இராசராசன், 'திருமன்னி வளர' என்றால் முதலாம் இராசேந்திரன்.

உதவித்தொகைக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையை வாங்கப் பாருங்கள். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, பெண்களுக்குத் தளர்வு உண்டு.

மைப்படி:
அனுமதி வாங்காமல் கல்லைத் தொடாதீர்கள். கம்பி பிரஷ் கூடவே கூடாது. மென்மையான பிரஷும் தண்ணீரும் போதும். மைப்படி எடுக்க, அதாவது எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்க, ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, மயிர் பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். அரை ஈரத்தில் மை ஒற்றுங்கள். ஈரம் மிகுந்தால் மை பரவும், முழுக்கக் காய்ந்தால் தாள் கழன்றுவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாள் ஒட்டவே ஒட்டாது.

படம் மட்டும் போதும் என்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, இடம், வலம், மேல் என மூன்று முறை எடுங்கள். எழுத்தில் சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள். அதன் பிறகு நீங்கள் வரைந்ததுதான் கண்ணுக்குத் தெரியும், கல்லில் உள்ளது தெரியாது.

சொக்கநாதர்_தெரு:
நடைக்குப் பெங்களூரு தோம்லூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயில் நல்ல இடம். ஆளுக்கு ஒரு தாளில் ஒரே வரியைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்து, அவர்களையே எழுத்துக்கூட்டிப் படிக்க விடுங்கள். 'தேசிமாணிக்கப்பட்டணம்' என்று தங்கள் ஊரின் பழைய பெயர் நாக்கில் வந்ததும் கூட்டம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

கொடைக் கல்வெட்டில் உள்ள அரசர் பெயரை வைத்து 'கோயிலைக் கட்டியவர் இவர்' என்று சொல்லிவிடாதீர்கள். விளக்குக்கும் நிலத்துக்கும் கொடுத்தது கட்டுமானம் ஆகாது. பெங்களூருவின் பேகூரில் சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட நடுகல் 'பெங்களூரு' போரைச் சொல்கிறது. அதையும் அதே நடையில் சேர்த்துக் கன்னடத்திலும் விளக்குங்கள். தமிழரா கன்னடரா, 'யார் முதலில் வந்தது' என்ற சண்டை வந்தால், அந்தக் கல் எந்த ஆண்டு, என்ன கொடை என்பதற்கே பேச்சைத் திருப்புங்கள்.