மறு: மைண்ட்ஃபுல் மூவ்மெண்ட் எஜுகேஷன் பிராக்டிஷனர் – தமிழ்ல என்னன்னு போடறது?

குழுமத்துல எல்லாருக்கும் வணக்கம்,

போன வாரம் நான் ஆரம்பிச்ச இழை இவ்ளோ நீளும்னு நினைக்கல. ஆளுக்கொரு சொல் குடுத்திருக்கீங்க, நன்றி. ஆனா பாதிப் பேரு வேலை என்னன்னே தெரியாம சொல் குடுத்திருக்கீங்கனு தோணுது, தப்பு என்மேலதான், ஆங்கிலப் பேரை மட்டும் போட்டுட்டு ஓடிட்டேன். முதல்ல என்ன படிக்கறேன்னு சொல்லிடறேன், அப்புறம் சண்டை போடலாம்.

நான் படிக்கறது ஃபெல்டன்க்ரைஸ் முறை, அதாவது மெதுவா அசைஞ்சு, நம்ம அசைவை நாமளே கவனிச்சுக் கத்துக்கறது. மோஷே ஃபெல்டன்க்ரைஸ் 1904ல ஸ்லாவுடாவுல பொறந்தவரு, இப்ப அது உக்ரைன்ல இருக்கு. பாரிஸ்ல அணு விஞ்ஞானி ஜோலியோ-கியூரிகிட்ட வேலை பார்த்த இஞ்சினியர், ஜூடோவை உருவாக்குன கானோவை 1933ல அங்கயே பார்த்து ஜூடோவுல இறங்கிட்டாரு, போர்க்காலத்துல பிரிட்டிஷ் கடற்படைக்காக நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கற ஆராய்ச்சி. இவருக்கு ஃபுட்பால் ஆடுன காலத்துலேருந்தே முட்டில அடி, அது சரியாவே இல்ல, சரி நாமளே பார்ப்போம்னு தரையில படுத்து தன் அசைவை தானே கவனிக்க ஆரம்பிச்சவருதான். பிற்பாடு இஸ்ரேல் பிரதமர் பென்-குரியனுக்கு தலைகீழா நிக்க கத்துக்குடுத்தது இவருதான், அந்த பீச் ஃபோட்டோவை நிறையப் பேரு பார்த்திருப்பீங்க. 1969ல டெல் அவிவ்ல 13 பேருக்கு முதல் ஆசிரியப் பயிற்சி, அப்புறம் அமெரிக்காவுல 1975லேருந்து சான் ஃபிரான்சிஸ்கோ, 1980ல ஆம்ஹர்ஸ்ட்ல 200 பேருக்கு மேல. 1984ல இறந்துட்டாரு.

இப்ப ஐரோப்பாவுல இந்தப் படிப்புக்கு ஏறக்குறைய 800 மணி நேரம், 160 நாள், அதை நாலு வருஷத்துல பரப்பி வைப்பாங்க. வருஷத்துக்கு சில தடவை ரெண்டு மூணு வாரம் ஒரே ஹால்ல படுத்துக் கெடக்கணும், நடுவுல வீட்டுக்கு வந்து நம்ம பொழப்பைப் பார்க்கணும். நான் மூணாவது வருஷம். பாதிக் கெணறு தாண்டினதும் குழுவுக்கு பாடம் எடுக்க அனுமதி உண்டு, ஒருத்தரைப் படுக்க வச்சு கையால எடுக்கற தனிப்பாடத்தை முழுசா முடிச்சப்புறம்தான் தொழிலா செய்யலாம். இங்க ஜெர்மனியில டோர்ட்முண்ட் பக்கம் நம்ம ஈழத்து அம்மாமார் கொஞ்சப் பேருக்கு தமிழ்லயே குழுப்பாடம் எடுக்கப்போறேன், அதுக்கு நோட்டீஸ் அடிக்கணும். அதான் இத்தனை அவசரம்.

இனி ஒவ்வொண்ணா.

> மைண்ட்ஃபுல்னெஸ் = நினைவாற்றல். மொழிபெயர்ப்பு மெஷின் இப்படித்தான் தருது.

தருது, தெரியும். அதை வச்சு நோட்டீஸ் அடிச்சா அம்மாங்க பேரப்புள்ளைங்களைக் கூட்டிட்டு வருவாங்க, பப்ளிக் எக்ஸாமுக்கு வல்லாரை மாத்திரை குடுக்கற கிளாஸ்னு நினைச்சுக்கிட்டு. இதுக்கு மூலம் பாலி மொழியில சதி, அதை அப்படியே எடுத்துக்கலாம்னு இன்னொருத்தர் எழுதியிருந்தாரு. 'சதிக் கல்வி'. வேணாங்க. பொச்சாவாமைனு குறள் அதிகாரத் தலைப்பைக் காட்டின ஐயாவுக்கு வணக்கம், பொருள் உண்மையிலேயே கிட்ட வருது, மறதியில்லாம இருக்கறது. ஆனா ஃபோன்ல அதை மூணு தடவை சொன்னாலும் எதிர்ல இருக்கவங்களுக்குப் புரியாது.

> விழிப்புணர்வு இருக்கே, புதுசா எதுக்கு?

இருக்கு, ஆனா அது டெங்குவுக்கும் ஹெல்மெட்டுக்கும் போயிடுச்சு. விழிப்புணர்வுனு கேட்டதும் பேனரும் ஸ்கூல் புள்ளைங்க ஊர்வலமும்தான் கண்ணுக்கு வருது, அதுல ஒருத்தர் இன்னொருத்தருக்கு சொல்றாரு. இங்க நானே என்னைக் கவனிக்கறேன். ஜெர்மன்காரங்களுக்கும் இதே தலைவலி வந்திருக்கு, பெவுஸ்ட்ஸைன்ங்கற சாதாரணச் சொல்லை விட்டுட்டு பெவுஸ்ட்ஹைட்னு வேற விகுதி போட்ட சொல்லைத்தான் ஃபெல்டன்க்ரைஸ் புத்தகத்துக்கு தலைப்பா வச்சாங்க. அப்ப நாம மட்டும் ஏன் பழைய சொல்லைத் தேய்க்கணும்.

> யோகாசனம்னு போட்டுட்டா வேலை முடிஞ்சது.

வேலை முடியாது, தப்பான ஆளுங்க வருவாங்க. ஆசனத்துல போய்ச் சேர வேண்டிய ஒரு நிலை இருக்கு, இதுல அது கெடையாது. ஒரு பாடத்தை அப்படியே சொல்றேன். மல்லாந்து படுங்க, முட்டியை மடிச்சு பாதத்தை தரையில வைங்க. இடுப்புக்கு அடியில ஒரு கடிகாரம் இருக்கறதா வச்சுக்கோங்க, வால் எலும்புப் பக்கம் 6 மணி, இடுப்பும் முதுகும் சேர்ற இடத்துல 12. மெதுவா 6லேருந்து 12க்கு உருட்டுங்க. இப்ப 3லேருந்து 9க்கு. அப்புறம் முள்ளு மாதிரி ஒவ்வொரு மணியா சுத்துங்க. சுத்தினா ஏதோ ஒரு எடத்துல, எனக்கு 4க்கும் 5க்கும் நடுவுல, கடிகாரம் குதிக்கும், அந்த எடமே உடம்புல இல்லாத மாதிரி இருக்கும். அதைத் தள்ளி சரி பண்ணக்கூடாது, இன்னும் சின்னதா இன்னும் மெதுவா போய்ப் பார்க்கணும். ஏன் சின்னதுனா, 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிட்டு நிக்கும்போது மூட்டை மேல ஈ உக்காந்தா தெரியாது, கையில ஒரு இறகு இருந்தா அது மேல ஈ உக்காந்தா தெரியும், அவ்ளோதான். வெபர்-ஃபெக்னர் விதி. ஆசிரியர் செஞ்சும் காட்டமாட்டாரு, வாயால மட்டும் சொல்லுவாரு, காட்டினா நாம அவரைக் காப்பியடிப்போம்ல.

> பிராக்டிஷனர் = பயிற்சியாளர்.

இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சலான இடம். பயிற்சியாளர்னா கிரிக்கெட் கோச். பயிலுநர்னா இப்ப நான், படிக்கறவ. பயிற்றுநர்னா எனக்குச் சொல்லிக்குடுக்கறவங்க. நாலு வருஷம் முடிச்சு தொழிலா செய்யறவங்களுக்கு இதுல எதுவும் சேராது. பயில்- வேரை விடக்கூடாதுனா பயில்வான்னு வச்சுக்கலாம்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு (அது பாரசீக பஹ்லவான், பயில்-க்கும் அதுக்கும் சொந்தமே இல்ல, இருந்தாலும் ஆசைதான்). சிகிச்சையாளர் கூடவே கூடாது, இதுல நோயாளியே கெடையாது, வர்றவங்க மாணவர், நடக்கறது பாடம். ஆசான் அழகு, ஆனா குமரி மாவட்டத்துல அது வர்ம ஆசான், எலும்பு முறிஞ்சவங்க எல்லாம் வந்து நிப்பாங்க.

யோசிச்சுப் பார்த்தா தமிழ்ல பிராக்டிஷனரை யாரும் சொல்றதே இல்லையே. மெடிக்கல் பிராக்டிஷனரை மருத்துவர்ங்கறோம், முடிஞ்சது. ஜெர்மன்லயும் ஃபெல்டன்க்ரைஸ் லேரர்தான், அதாவது வாத்தியார். நாமளும் ஆசிரியர்னே போடலாம், அந்தச் சொல்லை மொழிபெயர்க்காம விடறதுதான் இங்க மொழிபெயர்ப்பு.

மிச்சம் இருக்கறது மூவ்மெண்ட். முந்தாநாள் ராத்திரி 'அசைவுணர்வுக் கல்வி'னு ஒண்ணு செஞ்சு பெருமையா சித்திக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்பினேன். "அசைவ உணவுக் கல்வியா? கேட்டரிங் கோர்ஸா? நீ கவுச்சி தொடமாட்டியே"ன்னு பதில். திரும்பப் படிச்சுப் பாருங்க, வேகமாப் படிச்சா அப்படித்தான் தெரியுது. அதனால இப்போதைக்கு 'இயக்கக் கல்வி'க்கே வந்திருக்கேன். என்ன சொல்றீங்க?

-----

தங்கச்சி,

எழுதினது எல்லாம் வாசிச்சன், நல்லாயிருக்கு. ஆனா கடைசி வரியைப் பாத்து சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியேல்லை. இயக்கம் எண்டா எங்கட ஆக்களுக்கு என்ன எண்டு உங்களுக்குத் தெரியாதே? "அவன் இயக்கத்துக்குப் போட்டான்" எண்டால் வீட்டில அடுப்பு எரியாது. அந்த அம்மாமாரில பிள்ளையைக் குடுத்தவையும் இருப்பினம். "இயக்கக் கல்வி, நாலு வருசப் பயிற்சி" எண்டு நோட்டீஸ் ஒட்டினால் ஒருத்தரும் வரமாட்டினம், இல்லாட்டி வேற ஆக்கள் விசாரிக்க வருவினம். தமிழ்நாட்டிலயும் அது கட்சிச் சொல்தானே. அசைவே நல்லம், சாப்பாட்டுப் பிரச்சினையை மட்டும் எப்பிடியும் தீருங்கோ.

-----

அண்ணா, மன்னிச்சுக்கோங்க, இது எனக்கு உண்மையிலேயே தோணவே இல்ல. இயக்கம் அவுட்.

உங்க மடலைப் படிச்சுட்டு பஸ்ஸுல யோசிச்சுட்டே போனேன். நாம எல்லாருமே ஒரே தப்பைத்தான் செய்யறோம், ஆங்கிலத்துல மூணு பெயர்ச்சொல் வரிசையா நிக்குதுனு தமிழ்லயும் மூணு பெயர்ச்சொல்லை ஒட்டிட்டிருக்கோம். தமிழுக்கு அது வழக்கமில்லையே. பட்டறிவுனு எவ்ளோ அழகா சொல்றோம், பட்டு அறிஞ்சது. கண்டறி, கேட்டறி, எல்லாமே ஒரு வினையெச்சம் போட்டு அடுத்த வினை. ஃபெல்டன்க்ரைஸ் குழுப்பாடத்துக்கு வச்ச பேரு 'அவேர்னெஸ் த்ரூ மூவ்மெண்ட்', அதுல அசைவு 'வழியா' அறியறதுங்கற அந்த 'வழியா'வை வினையெச்சமே தூக்கிக்கும்:

அசைந்தறிதல்.

அசைந்தறிதல் பாடம், அசைந்தறிதல் ஆசிரியர். அசைவமும் இல்ல, இயக்கமும் இல்ல. கையால எடுக்கற தனிப்பாடத்துக்கு 'தொட்டுணர்த்தல்' எப்படி? மாணவர் உணர்றாரு, ஆசிரியர் உணர்த்தறாரு.

-----

அம்மா,

அசைந்தறிதல் இலக்கணப்படி சரி, தாராளமா போடு. முப்பது வருஷம் தமிழ் நடத்தினவன் சொல்றேன், உன் பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு. தனிப்பாடத்துக்கு நீ ஏன் சுத்தி வளைக்கறே, தன்வினை பிறவினை ஜோடி கையிலயே இருக்கே. தானா அசைஞ்சா அசைந்தறிதல், ஆசிரியர் அசைச்சா அசைத்தறிதல். ஒரே எழுத்து மாத்தம், எவ்வளவு சிக்கனம் பாரு. தொட்டுணர்த்தல் வேண்டாம், பொம்பளைப் புள்ளைங்க வர்ற வகுப்பு நோட்டீஸ்ல 'தொட்டு'னு இருந்தா வீட்டுல ஆயிரம் கேள்வி வரும்.

-----

ஐயா,

தொட்டு பத்தி சொன்னது சரி, எடுத்துடறேன். ஆனா ஜோடி எனக்கு ஒத்துவரல. ஒண்ணு, 'ந்'துக்கும் 'த்'துக்கும் உள்ள வித்தியாசம் நோட்டீஸ்ல யாருக்கும் கண்ணுல படாது, அச்சுப்பிழைனு நினைச்சு பிரஸ்காரரே திருத்திடுவாரு. ரெண்டாவது, அதைவிடப் பெருசு, அந்தப் பாடத்துல நாங்க 'அசைக்கறது' இல்ல.

போன மாசம் ஒரு நாள் பூரா செஞ்சது: ஆளு மல்லாந்து படுத்திருப்பாரு, பாதம் மேஜை நுனியில. ஒரு மெல்லிய பலகையை உள்ளங்காலுக்கு நேரா கொண்டுபோய் சுண்டுவிரல் பக்கம் லேசா தொடவிடணும். கொஞ்ச நேரத்துல பாதம் தரை வந்துடுச்சுனு நினைச்சு தானா விரலை விரிக்கும், கணுக்கால் தானா வேலை செய்யும், படுத்திருக்க ஆளு நிக்கறாரு. நான் பலகையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், அவ்ளோதான் என் வேலை. முதல் அரை மணி நேரம் நான் பலகையால தள்ளிட்டே இருந்தேன், பாதம் கட்டை மாதிரி கெடந்துச்சு, பக்கத்துல வந்த பயிற்றுநர் ஒண்ணும் சொல்லாம என் தோள்ல கையை வச்சாங்க, அப்பதான் தெரிஞ்சது தோள் காது வரைக்கும் ஏறி இருக்குனு. தோளை இறக்கினதும் பாதம் அசைஞ்சது. இதுக்குப் போய் அசைத்தறிதல்னு எப்படிங்க போடறது, அசைச்ச வரைக்கும் ஒண்ணும் அறியலையே.

அதனால தனிப்பாடத்துக்கு அலங்காரமே வேணாம், 'கைவழிப் பாடம்'னு போடறேன்.

நேத்து அம்மாகிட்ட சோதிச்சும் பார்த்துட்டேன். ஒண்ணுமே விளக்காம, அசைந்தறிதல்னா என்னம்மானு கேட்டேன். "அசைஞ்சு பார்த்து தெரிஞ்சுக்கறது. இதைக் கேக்கவா ஐஎஸ்டி போட்ட?"ன்னாங்க. (ஐஎஸ்டி காலம் போய் எவ்ளோ வருஷமாச்சு, அதை இன்னொரு இழையில வச்சுக்கலாம்.)

செவ்வாய்க்கிழமை நோட்டீஸ் பிரஸ்ஸுக்குப் போகுது. 'ஃபெல்டன்க்ரைஸ் அசைந்தறிதல் வகுப்பு, பாய் அல்லது கம்பளி கொண்டு வரவும்'. மறுப்பு இருந்தா அதுக்குள்ள சொல்லிடுங்க. ஆமா அண்ணா, உங்க பக்கம் பாய்னே போடலாமா, வேற சொல் இருக்கா?