பழைய கேசட்டுகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

தோழர்களே, வணக்கம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரையும், 1950-ல் போலீஸ் சுட்டுக் கொன்ற விவசாயிகள் இயக்கத் தலைவர் வாட்டாகுடி இரணியன் போன்றவர்களையும் நினைவுகூரும் சிறு அறக்கட்டளை எங்களுடையது. ஊர் திருவாரூர் பக்கம்.

பண்ணையாட்களாக இருந்த பெரியவர்கள் சாணிப்பால் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது), சவுக்கடி என்று பண்ணையார்கள் கொடுத்த தண்டனைகள் பற்றிப் பேசிய கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பேசியவர்களில் பலர் இன்று இல்லை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. சிலவற்றில் ஒட்டியே போய்விட்டது. போட்டுக் கேட்கவே பயமாக இருக்கிறது.

மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கம் இதைச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றித் தருபவர் யாராவது தெரியுமா? கூரியரில் அனுப்ப மட்டும் மனசு வரவில்லை, கையிலேயே கொண்டுவருகிறோம். செலவைக் கொடுத்துவிடுவோம், கொஞ்சம் பார்த்துச் சொன்னால் நல்லது. அப்புறம், நன்றாக ஓடுகிற டேப் ரெக்கார்டர் இருந்தால் இரவல் தாருங்கள்.