கொழும்பிலிருந்து வந்தவர்களோடு டெங்கும் வந்ததா?

நல்லூர்வாசி:
தைப்பொங்கலுக்கு வெள்ளவத்தையிலிருந்து அண்ணாவின் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. வந்த மறுநாளே அண்ணாவின் மகனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. குருதிப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. அவர்கள் வந்த ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு மாமியும், மூன்று வாரம் கழித்துப் பின்வளவுச் சிறுமியும் அதே காய்ச்சலில் படுத்தார்கள். ஒழுங்கை முழுவதும் "கொழும்பார் கொண்டுவந்த வருத்தம்" என்று பேசுவதால் அம்மா வெளியே போகவே தயங்குகிறார். பிள்ளையோ எங்கள் வளவைத் தாண்டவே இல்லை. ஒருவருடைய பயணத்தால் இப்படிப் பரவுமா?

பூச்சியியல் மாணவன்:
பரவும். ஆனால் நாட்களை எண்ணிப் பாருங்கள். கடிபட்டு நான்கு முதல் பத்து நாட்களுக்குள்தான் காய்ச்சல் வரும் என்பதால், பிள்ளைக்குத் தொற்று கொழும்பிலேயே ஏற்பட்டிருக்க வேண்டும். அவனைக் கடித்த உங்கள் வளவு நுளம்பு உடனே நோயைப் பரப்பிவிடாது; வைரசு அதன் உடலில் பெருகி உமிழ்நீரை அடைய எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் செல்லும். அதன்பின் அது இன்னொருவரைக் கடித்து, அவருக்குக் காய்ச்சல் வர மேலும் நான்கு நாட்களாவது வேண்டும். ஆகவே, சிறுமியின் நோய் உங்கள் வீட்டிலிருந்து போயிருக்கலாம். மாமியின் நோய் நிச்சயமாக அப்படி வந்ததன்று. பிள்ளை வந்த நாளிலோ அதற்கு முன்போ அவர் கடிபட்டிருக்க வேண்டும்.

டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பு பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்ளேயே வாழ்ந்து முடிகிறது. வைரசை நெடுந்தூரம் கொண்டுசெல்பவர்கள் மனிதர்களே. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாததால், நலமாக வந்தவரும் அதைக் கொண்டுவந்திருக்கலாம்.

வடமராட்சியான்:
போர் முடிந்து, தெற்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 வீதியில் போக்குவரத்துப் பெருகிய 2009-2010 மாரிகாலத்தில் யாழ் குடாநாட்டில் டெங்கு எப்படிப் பெருகியது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, அவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலானோர் கொழும்பு அடங்கிய மேல் மாகாணத்தவர்கள். அங்கிருந்து நத்தாருக்கும் பொங்கலுக்கும் உறவினர்கள் வரும் நாட்களில்தான், வடகீழ்ப் பருவமழையின் தண்ணீர் நமது வளவுகளில் தேங்கி நிற்கிறது. வருகிறவர்களை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அவர்கள் வருவதற்கு முந்திய வாரமே கிணற்றடித் தொட்டியையும் சிரட்டைகளையும் பழைய ரயர்களையும் பார்த்திருக்க வேண்டும். காய்ந்த ரயரில் ஒட்டிய முட்டை பல மாதம் உயிரோடிருக்கும் என்பதால், லொறியில் ஏற்றிவரும் பழைய ரயரும் ஒரு பயணிதான்.

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, இனி யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஐந்து நாளும் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள். இந்த நுளம்பு காலையிலும் மாலையிலுமே மிகுதியாகக் கடிப்பதால் இரவில் மட்டும் வலை கட்டுவது போதாது. பரசிட்டமோல் தவிர அசுப்பிரினோ புரூபனோ கொடுக்க வேண்டாம். காய்ச்சல் தணியும் நாளில் வயிற்று நோவோ ஓயாத வாந்தியோ இருந்தால், சுகம் வந்துவிட்டது என்று எண்ணி வீட்டில் வைத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நல்லூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. இதை வாசித்துவிட்டு வளவைச் சுற்றி வந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் கிணற்றடியில் கவிழ்க்காமல் விட்ட வாளியில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. மாமி வீட்டுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு வேலிதான். வாளியை உரஞ்சிக் கழுவிவிட்டேன். மாலையில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மாமியிடம் போகிறேன்.