கட்டணத்தின் கடைசித் தேதியும் உதவித்தொகை வந்த தேதியும்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து

பிளஸ் டூ முடிவு வந்தவுடன் எந்தக் கல்லூரி நல்லது என்று சொல்ல மதுரையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1889-இலிருந்து நடக்கும் மதுரைக் கல்லூரி, 1948-இல் பெண்களுக்கென வந்த லேடி டோக் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். சேர்ந்த பிறகு கட்டணத்தை எப்படிக் கட்டினோம் என்பதைத்தான் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. ஆகவே நானே தொடங்குகிறேன். பெயர் எதுவும் குறிப்பிடாமல் மற்றவர்களும் தொடரலாம்.

நான் கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளியில் படித்தவன். வீட்டில் கொஞ்சம் மானாவாரி நிலமும் சில ஆடுகளும் இருந்தன. 2014-இல் மதுரையில் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பட்டியலில் கணினி அறிவியலுக்கு என் பெயர் வந்திருந்தது. அலுவலகச் சன்னலுக்கு அப்பால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "எய்டடா, செல்ஃபா?" என்று கேட்டார். செல்ஃப் என்றால் ஆசிரியர் இல்லாமல் நாமே படித்துக்கொள்வதோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

ஒரே வாசல், ஒரே நூலகம், முடிவில் ஒரே மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டம் என்றாலும் உள்ளே இரண்டு கல்லூரிகள் நடக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் அந்தச் சம்பளமும் மாணவர் கட்டும் பணத்திலிருந்தே வரவேண்டும். என் பள்ளித் தோழன் உதவிபெறும் பிரிவில் வரலாறு படிக்க ஒரு பருவத்துக்கு 1,700 ரூபாய்க்குள் கட்டியபோது நான் 16,500 ரூபாய் கட்டினேன். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவருக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் கிடைக்கும் கட்டணச் சலுகையும் என் பிரிவுக்குப் பொருந்தாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் தோடு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறையாக ஆறு முறை அடகுக்குப் போய், ஐந்து முறை திரும்பி வந்தது.

உதவிபெறும் பிரிவில் வேதியியலில் ஓர் இடம் அன்று மாலை வரை காலியாக இருந்தது என்பதை இரண்டாம் ஆண்டில்தான் கேள்விப்பட்டேன். எனக்குக் கணினியே வேண்டும் என்று அன்றும் அடம்பிடித்திருப்பேனோ என்னவோ. ஆனால் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அறிந்தபின் அடம்பிடிப்பது வேறு.

மேலூரிலிருந்து

உசிலம்பட்டி அண்ணன் எழுதியதைப் படித்தபின் நானும் எழுதத் துணிந்தேன். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசே கல்விக் கட்டணத்தை ஏற்கும் சலுகை 2010-11 முதல் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் இடம் எடுப்பவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரி என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை குறையும் என்பதால், கலந்தாய்வு இணையவழிக்கு மாறிய 2018-இல் நானும் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன்.

தடையாக வந்தவர் என் சொந்த அண்ணன். அவர் தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்து, ஒரே ஓர் ஆண்டு தேர்வு எழுதி, திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டவர். விசாரணைக்கு வந்தவரிடம் அம்மா பெருமையாக, "மூத்தவன் பி.காம். படிச்சவன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தால் என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அண்ணன் பட்டம் பெறவில்லை என்பதை நிரூபிக்க, பெறாத பட்டத்துக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது? கடைசியில் அவருடைய முதலாண்டு மதிப்பெண் பட்டியலையும், படிப்பை முடிக்கவில்லை என்று அவரே எழுதிய உறுதிமொழியையும் இணைத்து, இ-சேவை மையத்தில் மீண்டும் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்ற மூன்று மேசைகளையும் அது கடந்து வந்தபோது, சான்றிதழைப் பதிவேற்ற இரண்டு நாள்களே மிச்சமிருந்தன.

சான்றிதழ் கிடைத்ததோடு கதை முடியவில்லை. அரசிடமிருந்து பணம் வரட்டும், அப்போது திருப்பித் தருகிறோம், இப்போது முழுத்தொகையையும் கட்டுங்கள் என்று கல்லூரியில் சொன்னார்கள். சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கும் குழு அப்போது அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு விதித்திருந்தது ஆண்டுக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய். பேருந்துக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடை என்று எங்கள் ரசீதில் வந்தவை எதற்கும் முதல் பட்டதாரிச் சலுகை பொருந்தவில்லை. சலுகையை மட்டும் கேட்டு வீட்டில் கணக்குப் போட்டவர்கள் எங்களைப் போல முழிப்பார்கள். திரும்பி வரவேண்டிய 25,000 ரூபாய் எங்கள் கைக்கு வந்தது அடுத்த ஆண்டுக் கட்டணம் கேட்ட பிறகு.

புதுமண்டபத்தில் தையல் கடை வைத்திருந்த ஒருவர்

பிள்ளைகள் எழுதும் இடத்தில் ஒரு தகப்பனும் எழுதலாம் என்று நினைக்கிறேன். என் மகள் 2016-இல் செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது மூன்றரை லட்சம் ரூபாய் கல்விக்கடன் கேட்டேன். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் நான் போன கிளையில் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். இல்லை என்றதும், உங்கள் தெரு எங்கள் கிளையின் எல்லையில் வராது என்றார்கள். முப்பது ஆண்டுகளாக என் சேமிப்புக் கணக்கு மட்டும் அதே எல்லைக்குள்தான் இருந்தது!

கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்யும்படி மகளின் ஆசிரியர் ஒருவர் சொன்னார். அதில் விண்ணப்பித்து, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்ட பிறகு கடன் கிடைத்தது. எழுத்தில் கேளுங்கள் என்பதைத்தான் இன்று என்னிடம் வரும் எல்லாரிடமும் சொல்கிறேன்.

நான் ஏமாந்தது வேறோர் இடத்தில். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு வாங்கிய கடனின் படிப்புக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கும். வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே கொடுத்துவிட்டதால் எல்லாம் தானாக நடக்கும் என்று இருந்துவிட்டேன். மகள் படித்து முடித்தபின் பார்த்தால், முதலாண்டுக்கு மட்டும் வட்டி மானியம் வந்திருந்தது; மீதி ஆண்டுகளின் வட்டி அசலோடு சேர்ந்து நின்றது. ஆண்டுதோறும் போய்க் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்றேன். அதற்குப் பதில் இல்லை. அந்த வட்டியையும் சேர்த்துத்தான் அவள் இன்று மாதத் தவணை கட்டிவருகிறாள்.

வாடிப்பட்டியிலிருந்து

நான் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தப் பணம் தேர்வுக் கட்டணத்துக்கும் நகல் எடுக்கவும் உதவும் என்று நினைத்திருந்தேன். தோழிகளுக்கு நான்கு மாதமாக வருகிறது, எனக்கு வரவில்லை. வங்கிக் கணக்கில் ஆதார் சேர்த்துத்தான் இருக்கிறது. அக்காமார் யாருக்காவது இப்படி நடந்ததா?

மேலூரிலிருந்து மீண்டும்

தங்கைக்கு: என் சித்தி மகளுக்கும் இதே சிக்கல் வந்தது. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. பள்ளியில் படித்தபோது தொடங்கிக் கொடுத்த பழைய கணக்கு ஏதாவது இருந்தால், பணம் அங்கே போய்க்கொண்டிருக்கலாம். அவளுக்கு அப்படித்தான் ஐந்து மாதத் தொகை மொத்தமாகக் கிடந்தது. முதலில் அந்தப் பழைய வங்கிப் புத்தகத்தை எடுத்துப்போய் வரவு பதிந்து பாருங்கள். அதில் இல்லையென்றால் கல்லூரியில் இத்திட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியரிடம் மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.