கண்மாய்க் கரையில் கசிவு: மழைக்கு முன் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி (பதிவிட்டவர்: மேலமடைக்காரன்)

சிவகங்கை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டு (அதன் நீரால் பாசனம் பெறும் நிலம்) ஏறக்குறைய 80 ஏக்கர். நூறு ஏக்கருக்கும் குறைவானது என்பதால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. பாசனத்துக்கு மட்டுமல்லாமல், மேலேயுள்ள இரண்டு கண்மாய்கள் நிரம்பி வழியும் மறுகால் நீரைத் தாங்கி, கீழேயுள்ள குடியிருப்பை வெள்ளத்திலிருந்து காப்பதும் இதுவே. சென்ற கார்த்திகையில் கண்மாய் நிரம்பியபோது, பழைய மடைக்கு அருகே வெளிக்கரையின் அடியில் இரண்டு முழ அகலத்துக்கு நீர் ஊறி நின்றது. கரை நெடுகச் சீமைக் கருவேலம் வளர்ந்திருக்கிறது. இப்போது புரட்டாசி நடக்கிறது. இயந்திரத்தை வைத்து மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டு, ஊறிய இடத்தில் களிமண்ணைக் கொட்டி அடைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கண்மாய் நிரம்பினால் மிகுநீர் வழிந்தோடக் கட்டிய கலுங்கின் மேல் ஓர் அடி உயரத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கினால் கூடுதலாக நீரைத் தேக்கலாம் என்று வேறு சிலர் ஏற்கெனவே அடுக்கியும் விட்டார்கள். இவற்றில் எது சரி என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்)

ஐயா, முதலில் அந்த மூட்டைகளை அகற்றச் சொல்லுங்கள்; மற்றவற்றைப் பிறகு பேசலாம். மண் கரைகள் உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான்: ஒன்று, நீர் கரையைத் தாண்டி வழிவது, மற்றொன்று, கரைக்குள் நீர் வழி கண்டு மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறுவது. கலுங்கின் வழியே செல்லும் நீரின் அளவு, அதன் மேல் நிற்கும் நீரின் உயரத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை; அதைவிட வேகமாகக் குறைகிறது. உங்கள் கலுங்கு, அதன் மேல் இரண்டடி நீர் ஓடும் வகையில் கட்டப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு மூட்டை அடுக்கினால், நீர்மட்டம் அதே உயரத்துக்கு வரும்போது மிஞ்சும் ஓர் அடியில், முன்பு வெளியேறிய வெள்ளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வெளியேறும். மீதி கரையின் மேல் ஏறும். மண் கரை அதைச் சில மணி நேரம்கூடத் தாங்காது.

கசிவைப் பொறுத்தவரை, எல்லா மண் கரையும் சிறிது கசியவே செய்யும்; நீரின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தால், அடியில் மண் படிகிறதா என்பது தெரியும். தெளிந்த நீர் ஒரே அளவில் வந்துகொண்டிருந்தால் குறித்து வைத்துக் கண்காணிக்கலாம். கலங்கி வந்தாலோ, அளவு கூடினாலோ அது ஆபத்து. வெளிப்பக்கத்தில் களிமண்ணைக் கொட்டி அடைப்பது தவறு. வெளியேற வழியில்லாத நீர் கரைக்குள்ளேயே மட்டம் உயர்ந்து, சரிவையே இளக்கிச் சரித்துவிடும். நீரை விட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும்: ஊறும் இடத்தில் முதலில் ஆற்று மணல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் கருங்கல் என்று அடுக்க வேண்டும். களிமண்ணால் அடைப்பதானால், கண்மாய் வற்றியிருக்கும்போது உட்கரையில் செய்ய வேண்டும். பழைய மடையின் சுவரும் மண்ணும் சேருமிடம் எப்போதும் நலிந்த இடம் என்பதால், கசிவு அங்கேயே வந்திருப்பதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மறுமொழி 2 (தாமிரபரணிக் கரை விவசாயி)

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பெய்தபோது, தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் அடுத்தடுத்து உடைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒரு குளம் உடைந்தால், அதன் நீர் முழுவதும் அடுத்த குளத்தின் கரையில் மோதுகிறது. எனவே உங்கள் கண்மாயை மட்டும் பார்க்காமல், மேலேயுள்ள இரண்டு ஊர்களின் பெரியவர்களிடமும் அவர்களின் கலுங்கைப் பற்றிப் பேசுங்கள். மறுகால் ஓடையில் ஆக்கிரமிப்பு இருந்தால் அதையும் பாருங்கள்.

கருவேலத்தைப் பற்றி ஒரு சொல். மழைக்குச் சில வாரங்களே இருக்கும்போது வேரோடு பிடுங்கினால், இறுகிய கரை இளகிக் குழி குழியாகிவிடும். இப்போது தரையோடு வெட்டி விடுங்கள். கோடையில் வேரைத் தோண்டி எடுத்து, ஈர மண்ணை முக்கால் அடிக்கு மிகாத அடுக்குகளாக இட்டு இறுக்குங்கள். வேரை அப்படியே மட்கவிட்டால், அது இருந்த இடம் நீருக்குக் குழாயாகிவிடும்.

மறுமொழி 3 (ஒக்லஹோமாவிலிருந்து)

நான் வசிக்கும் அமெரிக்க மாநிலத்தில், வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே கட்டிய சிறு மண் அணைகள் இரண்டாயிரத்துக்கு மேல் உள்ளன. அவற்றில் முதலாவது 1948-இல் கார்டெல் என்ற ஊருக்கு அருகே கட்டி முடிக்கப்பட்டது. பெரும்பாலானவை 50 ஆண்டு ஆயுளைக் கணக்கிட்டுக் கட்டப்பட்டவை. வயல்களைக் காக்கக் கட்டிய அணைகளுக்குக் கீழே பின்னாளில் வீடுகள் எழுந்துவிட்டதால், அணை மாறாமலே ஆபத்தின் அளவு மாறிவிட்டது. பழுதுபார்ப்புக்கென 2000-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டமோ, 15 மீட்டருக்கு உயர்ந்த அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே கருத்தில் கொள்கிறது. மூன்று நான்கு மீட்டர் உயரமுள்ள உங்கள் கரையை மழை இரவில் நடந்து பார்ப்பவர் உங்கள் ஊரார்தான். யார், எந்த நேரத்தில், எந்தப் பகுதியைப் பார்ப்பது, கலங்கல் நீரைக் கண்டால் கீழ்வீடுகளுக்கு யார் சொல்வது என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

மறுமொழி 4 (மேலமடைக்காரன்)

அனைவருக்கும் நன்றி. கூட்டம் கூட்டி, இரண்டடிக் கணக்கைச் சொன்னதும் மூட்டை அடுக்கியவர்களே முன்வந்து இறக்கிவிட்டார்கள். மரங்களை வெட்டும் வேலை நாளை தொடங்குகிறது. மணலும் ஜல்லியும் கேட்டு ஒன்றியத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். கிடைக்கத் தாமதமானால் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்து நாங்களே வாங்குவதாக முடிவு. பொறியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: கரையின் வெளிச்சரிவில் எங்கள் இளைஞர்கள் சென்ற ஆண்டு ஊன்றிய பனங்கன்றுகளை விட்டுவைக்கலாமா?

மறுமொழி 5 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்)

பனையின் வேர் சல்லி வேர் என்பதால் கருவேலத்தைப் போல் கரையைப் பிளக்காது. ஆனாலும் கசிவு உள்ள பகுதியில் எந்த மரமும் வேண்டாம், அடிநிலத்தை மறைத்துக் கசிவைக் கண்ணில் படாமல் செய்துவிடும். அங்கிருப்பவற்றை மட்டும் கரைக்கு வெளியே தள்ளி நட்டுவிட்டு, சரிவில் அருகம்புல்லைப் பதியுங்கள். மற்ற இடத்தில் உள்ளவை இருக்கட்டும்.