சோலார் இம்பல்ஸ் விமானத்தை வியந்தவர்கள், இகழ்ந்தவர்கள்: எவர் பக்கம் நியாயம்?

கேள்வி:
சோலார் இம்பல்ஸ் 2 விமானம் ஒரு சொட்டு எரிபொருளும் இல்லாமல் உலகைச் சுற்றி, 2016 ஜூலை 26 அன்று அபுதாபியில் வந்திறங்கியபோது, இனிப் பயணிகள் விமானங்களும் வெயிலிலேயே பறக்கும் என்று பலர் மகிழ்ந்தார்கள். ஒரே ஒருவரைச் சுமந்துகொண்டு சுற்றிவரப் பதினாறு மாதங்களுக்கு மேல் ஆனதைச் சுட்டிக்காட்டி, இது செல்வந்தர்களின் விளையாட்டு என்று ஒதுக்கியவர்களும் உண்டு. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மாணவர்களுக்கு எதைச் சொல்வது?

பதில் 1:
முதலில் கணக்கைச் சொல்லுங்கள் ஐயா. அதன் இறக்கை 72 மீட்டர். போயிங் 747 விமானத்தின் இறக்கையைவிட நீளம். எடையோ 2.3 டன்தான். 17,248 சூரிய மின்கலங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 270 சதுர மீட்டர். நல்ல நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் தரும். அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மின்சாரமாக மாறும். ஆக, கிடைப்பது சுமார் 60 கிலோவாட், ஒரு சிறிய காரின் எஞ்சின் அளவு. பெரிய ஜெட் விமானம் மேலெழும்பப் பல்லாயிரம் கிலோவாட் வேண்டும். வெயில் முழுவதையும் மின்சாரமாக மாற்றும் தகடு கிடைத்தாலும் இந்த இடைவெளி அடைபடாது.

பதில் 2:
கணக்கு சரி, ஆனால் இகழ்ந்தவர்கள் இரவை மறந்துவிட்டார்கள். 2015இல் ஜப்பானின் நகோயாவிலிருந்து ஹவாய்க்கு விமானி ஆந்திரே போர்ஷ்பெர்க் தனியாளாக 117 மணி 52 நிமிடம் இறங்காமல் பறந்தார். பகலில் பேட்டரிகளை நிரப்பிக்கொண்டே உயரே ஏறி, அந்தி சாய்ந்ததும் மெல்ல மெல்லக் கீழிறங்கி, அதாவது ஏறிய உயரத்தையே சேமிப்பாகச் செலவழித்து, பிறகு விடியும்வரை பேட்டரியில் ஓட்டினார். சூரியன் மறைந்தபின் என்ன செய்வீர்கள் என்று ஊருக்கெல்லாம் சூரிய மின்சாரம் தருபவர்களைக் கேட்கிறோமே, அதே கேள்விக்கு வானத்தில் கிடைத்த விடை அது. அந்தப் பயணத்தில்தான் பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதாகி, 2016 ஏப்ரல்வரை விமானம் ஹவாயிலேயே நின்றது. மாணவர்களிடம் அதையும் மறைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. உதவிக் குழுவினர் எரிபொருள் விமானங்களில் பின்தொடர்ந்தார்கள் என்ற குறையை என்ன செய்வது?

பதில் 3:
அது உண்மையான குறை, ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் இந்த நுட்பத்துக்கு உரிய இடம் வேறு. ஏர்பஸ் நிறுவனத்தின் ஆளில்லா ஸெஃபிர் விமானம், 75 கிலோவுக்கும் குறைந்த எடையோடு, 2022இல் 64 நாட்கள் தரையிறங்காமல் பறந்தது. ஆளைச் சுமக்காதபோது வெயில் போதுமானதாகிறது. இறக்கையில் இடம் போதாத தகடுகளைத் தரையில் விரிக்கவும் முடியும்: கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைக் கொண்டு தன் தேவையை ஈடுசெய்யத் தொடங்கியது. சோலார் இம்பல்ஸ் அகமதாபாத்திலும் வாரணாசியிலும் இறங்கிச் சென்றதும் அதே ஆண்டு மார்ச்சில்தான்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் 270 சதுர மீட்டர் கணக்கை முதலில் மாணவர்களையே போடச் சொல்கிறேன். அடுத்து, எங்கள் பள்ளிக் கூரையை அளக்கச் சொல்வேன்.